கன்னியப்பன் சொல்லி நான் எழுதிய சீட்டு

போன வியாழக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. "நான் சரோஜா பேசறேம்மா. மெக்கானிக் கன்னியப்பன் பொண்ணு. அப்பா விடிகாலைல பூட்டாரு. அவரு நோட்டுல உங்க பழைய நம்பரு எழுதி வச்சிருந்தாரு, அத வச்சி விசாரிச்சேன், சொல்லலாம்னு" என்றது ஒரு குரல். அந்த எண்ணில் அவர் ஒரு முறைகூட என்னை அழைத்ததில்லை.

பூந்தமல்லியில் அவர் வீட்டுக்குப் போனேன். பதினாறாம் நாள் கொடுக்கப்போகும் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சரோஜா கேட்டாள். "அந்த அம்மாவுக்கு வண்டி தெரியும்னு அப்பா சொல்லுவாரு. வேற ஒண்ணும் சொன்னதில்ல." வேறு ஒன்றும் அவர் சொல்லாததால்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அறுபதுகளின் பிற்பகுதியில் அம்பத்தூர் ரயில் நிலையத்துக்கு அருகே அவருக்கு ஒரு ஷெட் இருந்தது. கீற்றுக் கூரை, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க நடுவில் ஒரு பள்ளம், மிகச் சுத்தமான ஸ்பானர்கள். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும். தொழிற்சாலை அதிகாரிகளின் கார்கள் எல்லாம் அங்கேதான் போகும். பானட்டைத் திறப்பதற்கு முன் சொந்தக்காரரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். "பாதி நோவு ஓட்றவங்க கிட்ட கீது சார்" என்று அவர் சொன்னால் அதிகாரிகள்கூடச் சிரிப்பார்கள்.

என் கணவர் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். சோழவரத்தில் கார்ப் பந்தயம் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவருக்கு அப்படி ஒரு வண்டி வேண்டும் என்றிருந்தது. அதன் பிரேக் பெடல் மெத்தென்று இருந்தது. பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்துவிட்டது என்று அவரே முடிவு செய்து, கன்னியப்பனை விட்டு மூன்று முறை காற்றை எடுக்கச் செய்தார். நான்கு நாளில் பெடல் மறுபடியும் மெத்தென்றாகிவிடும். நான்காவது முறை அவர் வேலைக்குப் போயிருந்தபோது கன்னியப்பன் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்.

ஒருவர் அடியில் படுத்திருக்க, இன்னொருவர் பெடலை மிதிக்க வேண்டும். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"அம்மா, நீங்களே வந்து குந்துங்க. செருப்ப கயட்டிடுங்க. செருப்புக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது, கன்னியப்பா."

"அதாம்மா நல்லது. தெரிஞ்சவரு சொல்லித்தான் மூணு வாட்டி காத்து எடுத்தேன். ஒரு குமிழி வரல."

புடவையைச் செருகிக்கொண்டு, வெறுங்காலுடன் அந்த வண்டியில் உட்கார்ந்தேன். திறந்திருந்த கதவு வழியாக அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. குரல் அடியிலிருந்து வந்தது.

"மெதுவா அமுக்குங்க. அமுக்கிட்டு அப்டியே புடிச்சிகினு இருங்க. இன்னா தெரியுது?"

"இறங்குது."

"நீங்க தள்றீங்களா, அதுவா போவுதா?"

"அதுவா போகுது."

சக்கரங்களுக்குப் போகும் மூன்று ரப்பர் குழாய்களையும் கட்டைகளுக்கு இடையே வைத்து இறுக்கி அடைத்தார். மறுபடி மிதிக்கச் சொன்னார். இப்போது எண்ணெய் சக்கரங்களுக்குப் போக வழியில்லை. ஆனாலும் பெடல் என் காலுக்கு அடியில் மெல்ல மெல்ல, அவசரமே இல்லாமல், தரைக்குப் போயிற்று. அந்த உணர்ச்சி இன்றும் என் உள்ளங்காலில் இருக்கிறது.

அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "காத்து இருந்தா ஸ்பிரிங்கு மாதிரி கால திருப்பித் தள்ளும். இது முழுங்குது. எண்ணெய தள்ற மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரப்பர் பூட்ச்சிம்மா. வெளிய ஒரு சொட்டு ஒழுகாது, அதான் சாருக்குத் தெரியல. அவரு டப்பு டப்புன்னு நாலு வாட்டி மிதிச்சிப் பாக்கறாரு. அப்டி மிதிச்சா நிக்கும். புடிச்சிகினு இருந்தாத்தான் எறங்கும். நாளைக்கு மவுண்ட் ரோடு போயி ரப்பர் வாங்கியாறேன். அதுவரைக்கும் வண்டி எங்கயும் போவக் கூடாது."

பிறகு ஒரு வேண்டுகோள் வைத்தார். "நான் சொன்னா சாரு கேக்க மாட்டாரு. நீங்க இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க. எழுத்துல பாத்தா நம்புவாரு."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பெடல் இறங்குகிறது, மாஸ்டர் சிலிண்டர் பழுது, ஓட்டக் கூடாது. மூன்று வரி. கான்வென்டில் என் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். அழகாகத்தான் எழுதினேன்.

மாலையில் என் கணவர் நண்பர்கள் இருவருடன் வந்தார். வண்டியில் உட்கார்ந்து நான்கு முறை மிதித்தார். பெடல் கல் மாதிரி நின்றது. "என்ன சொன்னான் கன்னியப்பன்?" என்று கேட்டார்.

சீட்டை எடுத்திருக்க வேண்டும். எடுத்தால், யார் மிதித்தது என்று கேட்பார். ஒரு மெக்கானிக் அடியில் படுத்திருக்க நான் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தேன் என்று அந்த நண்பர்கள் முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "முடிச்சிட்டுப் போனான்" என்றேன். நண்பர்கள் போனதும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவர்களோ தங்கள் காரில் அவரையும் சாப்பிட அழைத்துப் போய்விட்டார்கள். அவர் திரும்பி வந்தபோது நான் தூங்கிவிட்டிருந்தேன். காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் வண்டி கிளம்பியிருந்தது. சீட்டு என் ஆங்கில அகராதிக்குள் இருந்தது.

திருமுல்லைவாயில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர் தூரத்திலிருந்தே மெதுவாகப் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கிறார். பெடல் தரைக்குப் போய்விட்டது. வேறு காராக இருந்தால் குறுக்குக் கம்பி பானட்டோடு நின்றிருக்கும். அந்தத் தாழ்ந்த வண்டியில் அது கண்ணாடியை உடைத்துக்கொண்டு அவர் முகத்துக்கு வந்தது. இடது கண் போயிற்று.

மறுநாள் கன்னியப்பன் மருத்துவமனைக்கு வந்தார். கையில் ஒரு சிறு காகிதப் பொட்டலம். வாங்கி வந்த ரப்பர்.

"சீட்ட குடுத்தீங்களாம்மா?"

பக்கத்தில் என் மாமனார் நின்றிருந்தார். "எந்தச் சீட்டு? நீ என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார். "சரிங்கம்மா. அப்டியே இருக்கட்டும்" என்றார். பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

பிரேக்கைச் சரியாகப் பார்க்காமல் விட்டவன் என்று அம்பத்தூர் முழுவதும் பேசியது. ஒரு அதிகாரியின் காரும் அதன்பின் அவரிடம் போகவில்லை. ஆறு மாதத்தில் ஷெட்டை மூடிவிட்டுப் பூந்தமல்லியில் ஒரு லாரிப் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தார். என் கணவர் சாகும்வரை அவரைத் திட்டினார். நான் மறுத்துப் பேசியதில்லை.

எழுபதுகளில் ஒரு முறை ஆவடி பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். "சாரு கண்ணு எப்டி கீதும்மா?" என்று கேட்டார். அப்படியேதான் இருக்கிறது என்றேன். எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கென்று சொல்லவில்லை. என்றாவது அழைத்துக் கேட்க நினைத்தாரோ, தன் காலத்துக்குப் பிறகு யாராவது எனக்குச் சொல்லட்டும் என்று நினைத்தாரோ. அவர் நின்றுகொண்டே வந்தார். நான் உட்கார்ந்து வந்தேன்.

சரோஜா, உன் அப்பாவின் வேலையில் பிழை இல்லை. அவர் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார், சொன்னார், எழுதியும் வைக்கச் சொன்னார். பிழை என்னுடையது. மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இல்லை, அதனால் கேட்கவில்லை. அந்தச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். மலரில் அவர் படத்துக்குக் கீழே அப்படியே அச்சிடு. கையெழுத்து யாருடையது என்றும் போடு.

அன்று மருத்துவமனையில் அவரை நான் 'நீ' என்றேன். போன வியாழக்கிழமை கண்ணாடிப் பெட்டியில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கால்மாட்டில் நின்றேன். வண்டிக்கு அடியிலிருந்து அன்று தெரிந்த அதே இரண்டு பாதங்கள். கட்டைவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது.

போய் வாருங்கள், கன்னியப்பன். சீட்டைக் கொடுத்துவிட்டேன்.