ஆக்டன் வீட்டுத் தண்ணீர்

ஜப்பானுக்கு நான் முதன்முதலில் போனது லண்டன் ட்யூப் ரயிலில். மோர்டனில் ஏறி, வழியில் மாறி, ஆக்டனில் இறங்கினேன். பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் ஜப்பானிய மொழி எடுத்தவர்களுக்கு டீச்சர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். லண்டனில் வாழும் ஜப்பானியக் குடும்பம் ஒன்றோடு நான் ஒரு வாரம் இருக்க வேண்டும். அதே வாரம் அவர்களுடைய மகள் எங்கள் வீட்டில் இருப்பாள். இரண்டு வீட்டாரும் திருப்தி என்று சொன்னால், கோடை விடுமுறைக்கு நாங்கள் இருவரும் ஒசாகாவில் அவளுடைய பெரியம்மா வீட்டுக்குப் போகலாம். ஒரு வீடு முகம் சுளித்தாலும் எல்லாம் போச்சு. எனக்கு ஒசாகாப் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது.

போன அன்றே நல்ல பெயர் எடுத்துவிடுவது என்ற முடிவோடு போனேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். அதிலென்ன பெரிய காரியம், எங்கள் வீட்டிலும் அதுதானே. மாலையில் அந்த வீட்டு அன்ரி தொட்டி நிறையச் சுடுதண்ணீர் பிடித்துவிட்டு, "நீங்கள் விருந்தாளி, முதலில் குளியுங்கள்" என்றார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் தொட்டி உண்டு, ஆனால் அதற்குள் வாளியை வைத்து அள்ளித்தான் குளிப்போம். இங்கே இறங்கி, சோப்புப் போட்டு, நுரை தள்ளத் தள்ளக் கிடந்தேன். பிறகு அம்மா பழக்கியபடி அடைப்பை இழுத்து, தண்ணீர் முழுவதையும் விட்டு, தொட்டியைத் தேய்த்துப் பளபளவென்று கழுவினேன். நான் குளித்த ஊத்தைத் தண்ணீரை மற்றவர் கண்ணில் காட்டலாமா? சீ!

வெளியே அங்கிள் குளிக்கத் துவாயோடு நின்றார். அன்ரி என்னைத் தாண்டி வெறும் தொட்டியைப் பார்த்தார். "எவ்வளவு சுத்தமாகக் கழுவியிருக்கிறீர்கள், நன்றி" என்று சிரித்தார். அங்கிளின் துவாய் கொளுக்கிக்குத் திரும்பிப் போனது. நானோ என் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

மறுநாள் முதலில் அங்கிள், பிறகு அன்ரி, கடைசியில்தான் நான். அதற்கடுத்த நாளும் அப்படியே. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேற்று முதல் மரியாதை, இன்று கடைசி வரிசை; அப்படி என்ன செய்துவிட்டேன்? கறுப்புத் தோல் என்று அருவருக்கிறார்களோ என்றுகூட ஓடியது, ஓடியவுடன் கோபமும் வந்தது. ஆனால் சாப்பாட்டில் மீனின் நல்ல துண்டு என் கோப்பைக்குத்தான் வந்தது. யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. இரண்டு பேர் இறங்கிய தண்ணீர் யாரும் தொடாததுபோலத் தெளிவாகக் கிடந்ததும் புதினமாக இருந்தது. எனக்கென்றால் இறங்க மனம் வரவில்லை. மூலையிலிருந்த ஷவரில் குளித்துவிட்டு, வழக்கம்போல அடைப்பை இழுத்துக் கழுவி வைத்தேன்.

வாரம் முடியும் தறுவாயில் அம்மா கோல் பண்ணினார்.

"எடி, இந்தப் பிள்ளையோடை எனக்கு ஏலாது. குளிச்சுப்போட்டுத் தண்ணியைத் திறந்து விடுறதே இல்லை. தொட்டி நிறைய அப்பிடியே நிக்குது! நான்தான் ஒவ்வொரு நாளும் கையை விட்டு அடைப்பை இழுக்கிறன். நாளைக்கு டீச்சருக்குச் சொல்லப்போறன்."

"நீங்கள் இழுக்கேக்க அவள் ஒண்டும் சொல்லேல்லையா?"

"சிரிச்சுக்கொண்டு தாங்க்யூ எண்டு சொல்லுது. விசரோ என்னவோ!"

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. அங்கிள் துவாயோடு நின்றதும், இரண்டு பேர் இறங்கிய தண்ணீர் தெளிவாகக் கிடந்ததும் அப்போதுதான் பொருந்தின.

"அம்மா, உங்களுக்கெண்டுதான் அவள் விட்டு வைக்கிறாள்."

"ஆர், நானோ? அது குளிச்ச தண்ணியிலையோ?"

"அவை முதல் ஷவரிலை ஊத்தையெல்லாம் கழுவிப்போட்டுத்தான் தொட்டிக்குள்ளை இறங்குறவை. வீட்டிலை எல்லாருக்கும் ஒரே தண்ணி. பிளீஸ் அம்மா, டீச்சருக்குச் சொல்லாதேங்கோ."

"அப்ப நீ அங்கை என்ன செய்தனி?"

"அதுக்குள்ளையே சோப்புப் போட்டுக் குளிச்சு, திறந்தும் விட்டன்."

"ஐயோ, மானம் போச்சு!"

போனை வைத்த பிறகுதான், என்னை ஏன் கடைசிக்குத் தள்ளினார்கள் என்பது உறைத்தது. நான் அடைப்பை இழுத்தாலும் யாருடைய குளியலும் கெடாது. என்னைத் திருத்தாமல் வரிசையைத் திருத்தியிருக்கிறார்கள். இது அன்பா, இல்லை, இனி இவளுக்குச் சொல்லிப் பயனில்லை என்று கைகழுவியதா? ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். இப்படிப்பட்டவளை ஒசாகாவுக்கு அனுப்புவார்களா?

கடைசி மாலை ஷவரில் நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு, அவர்களின் தண்ணீரில் முதல்முறையாக இறங்கினேன். வெதுவெதுப்பாக இருந்தது. ஏறும்போது கை தானாக அடைப்புக்குப் போனது. இழுக்கவில்லை. சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் மூடியைத் தொட்டிமேல் விரித்துவிட்டு வெளியே வந்தேன். வந்த பிறகுதான் புத்தி வந்தது. எல்லோரும் குளித்து முடித்தாகிவிட்டது, யாருக்கென்று விட்டு வைத்தேன்? சுத்த விசர் வேலை!

அன்ரி ஏற்கெனவே குளித்து, தலை உலர்த்தி, இரவு உடுப்பில் இருந்தார். விளக்கை அணைக்கக் குளியலறைக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மூடியைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. கொளுக்கியிலிருந்த தன் ஈரத் துவாயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

மூடியைச் சுருட்டும் சத்தம் கேட்டது. பிறகு, ஓர் ஆள் தண்ணீருக்குள் இறங்கும் சத்தம்.

அதற்குள் அந்தத் தண்ணீர் நன்றாக ஆறிப்போயிருக்கும்.