விரிசல் விட்ட சரக்கின் தாளம்

மின்னணு இசைக்கு வெகுசன இசை வரலாற்றில் இடம் கிடைக்குமா என்ற கேள்வியை எங்கள் வீட்டில் எழுப்பியவர் அப்பா. கேட்ட விதம்தான் வேறு.

"இந்த டொக்கு டொக்கு சத்தத்த இன்னும் இருவது வருசம் கழிச்சி எவனாவது கேப்பானாடா? நீதான் படிச்சவன், சொல்லு."

தங்கை எதிரில்தான் அமர்ந்திருந்தாள். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய யூனிட்டில் அவளுக்கு வேலை. சூளையிலிருந்து இறங்கும் பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாள். கணீரென்றால் நல்ல சரக்கு. மொத்தென்றால் விரிசல், கழித்துவிட வேண்டும். அந்த ஒலிகளைக் கைப்பேசியில் பதிந்து, லேப்டாப்பில் வெட்டிக் கோத்து இசையாக்கிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்ட புதுச்சேரி நடன விடுதி ஒன்று சனிக்கிழமைதோறும் வந்து வாசிக்க அழைத்திருந்தது. யூனிட்டில் சூளையைப் பிரித்துச் சரக்கு இறக்குவதும் சனிக்கிழமைதான். போவதென்றால் வேலையை விட வேண்டும்.

"மொதல்ல கேளுப்பா, அப்புறம் திட்டு" என்று ஸ்பீக்கரை இயக்கினாள்.

அதே பேட்டையில் சூளை அடுக்கி ஓய்ந்தவர் அப்பா. கண்ணை மூடிக் கேட்டவர், சட்டென்று கையை உயர்த்தினார். "நிறுத்து. அதுல ஒண்ணு போயிடுச்சி பாரு." அவள் மறுபடி ஓடவிட்டாள். "இந்தா, இன்னொண்ணு. ஏம்மா, லோடு முழுக்க ஒடைஞ்ச சரக்கா இருக்குது! இதக் கேக்கவா கூப்புடுறாங்க?"

"கணீர்னே போட்டா கோயில் மணி மாதிரி ஆயிடும்ப்பா. நடுவுல மொத்துன்னு வுழணும். அப்பதான் ஆடுவாங்க."

"ஆடுவாங்க. ஆடிட்டு அவங்கவங்க வூட்டுக்குப் போயிடுவாங்க. நீ எங்க போவ?"

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நான் நிறுத்திக்கொண்டேன்.

நண்பர்களிடம் இதே கேள்விக்கு நான் தயங்காமல் விடை சொல்வதுண்டு. ஒரு காலத்தில் ஹார்மோனியத்தையே அந்நியச் சத்தம் என்று ஒதுக்கினார்கள். இன்று கணினி தொடாத திரைப்பாட்டைத் தேடத்தான் வேண்டும். ஆகவே இடம் நிச்சயம் என்பேன். ஆனால் அந்த இடம் இசைக்குக் கிடைப்பது. அதைச் செய்தவர்களில் பெரும்பாலோரை வரலாறு வைத்துக்கொள்வதில்லை. எங்கள் ஊர்க் கச்சேரிக் குழுவில் தபேலா வாசித்தவர், ரிதம் பேட் என்ற மின்னணுத் தாளக் கருவி வந்த பிறகு ஆட்டோ ஓட்டுகிறார். புதிய ஒலி வெல்லும்போதுகூட யாரோ ஒருவர் வெளியே நிற்க நேர்கிறது. அது என் தங்கையாகவும் இருக்கலாம்.

"அண்ணா, வரலாறு கெடக்கட்டும். நான் போவட்டா, வேணாமா?"

"போ" என்றேன். குரல் எனக்கே உறுதியாகக் கேட்கவில்லை.

"சொல்லிட்டாரு பட்டதாரி" என்று அப்பா எழுந்து உள்ளே போனார்.

அவள் வேலையை விட்ட மறுவாரம், அவளுக்குத் தெரியாமல் யூனிட் முதலாளியைப் பார்த்தேன். சில மாதங்களுக்கு அந்த இடத்தை வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன்.

"தங்கச்சி காது யாருக்கும் வராதுங்க. ஆனா சரக்கு நிக்குமா? அந்த எடத்துக்குப் பெண்ணாடத்துலேருந்து ஒரு பொண்ணு வந்துட்டிருக்குது" என்றார். இனித் திரும்பி வர வழியில்லை என்பதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

சென்ற சனிக்கிழமை புதுச்சேரியிலிருந்து பேசினாள். "மழைண்ணா. நாலே பேருதான் வந்தாங்க. ஆனா ஆடுனாங்க."

"அடுத்த வாரம் வரச் சொன்னாங்களா?"

"போன் பண்றேன்னாங்க."

அழைப்பைத் துண்டித்ததும் உள்ளிருந்து அப்பா கேட்டார். "என்ன சொல்றா?"

"ஆடுனாங்களாம்."

எத்தனை பேர் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.