பெட்டியின் உள்மடிப்பு

என் மேசைமேல் ஒரு காலி அட்டைப்பெட்டி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு காலத்தில் பளிச்சென்ற மஞ்சள். இப்போது சாயம் போய் வெளுத்துவிட்டது. வெளியே ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் முத்திரையும் எண்களும் இருக்கும். மூடியைத் திறந்து உள்மடிப்பைப் பார்த்தால் பென்சிலில் ‘அ 22’ என்று எழுதியிருக்கும். அதே எழுத்தின்மேல் நீலப் பேனாவால் அழுத்தி அழுத்தி இன்னொரு முறை எழுதியிருக்கும். இரண்டும் என் கையெழுத்து. பென்சில் எழுத்து என் முட்டாள்தனம். பேனா எழுத்தைப் பற்றி எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூரை ஒட்டிய ஒரு ஷூ தொழிற்சாலையில் நான் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின்களுக்கான ஊசி, பெல்ட், ஸ்விட்ச், ஸ்பிரிங் எல்லாம் என் பொறுப்பு. அப்பா மிஷன் பள்ளியில் வாத்தியார். கோட்டுக்கு வெளியே எழுத்து போனால் விரல் முட்டியில் அடி விழும் வீட்டில் வளர்ந்தவள் நான். ஸ்டோர்ஸை சர்ச்சின் ஆல்டர்போல, பூசை பீடம்போல வைத்திருந்தேன் என்று என் தங்கை கிண்டல் செய்வாள். புதுப்பொருள் வந்ததும் எந்த அலமாரியில் எந்த அறை என்று பெட்டியில் எழுதிவைப்பேன். வெளியே கிறுக்கினால் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்பதால் மூடியின் உள்மடிப்பில், பென்சிலில், சின்னதாக. பொருள் செலவானதும் காலிப் பெட்டியைத் தட்டையாக மடித்து, சணலால் கட்டி வைப்பேன். மாதக் கடைசியில் பழைய பேப்பர்காரர் வந்து எடுத்துப் போவார். “உங்கள மாரி யாரும் பெட்டிய கிழியாம வைக்கறதில்லம்மா” என்பார். கிழியாத பெட்டிகளைத் தனியாகக் கேட்டு வாங்கிக் கட்டுவார். அந்தப் பாராட்டில் நான் குளிர்ந்துபோனேன். வாத்தியார் மகளுக்கு அது போதாதா!

எங்கள் மெக்கானிக் குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வருவார். லுங்கி நெய்கிற குடும்பம். விசைத்தறி ரிப்பேரிலிருந்து ஷூ மெஷினுக்கு வந்தவர். நாற்பது வயதுக்குள்தான். என்னை ‘ஸ்டோரம்மா’ என்பார். எனக்கு அப்போது இருபத்தைந்துகூட ஆகவில்லை. அவர் வேண்டுமென்றே அப்படிக் கூப்பிடுகிறார் என்று பல்லைக் கடிப்பேன். எங்கள் இருவருக்கும் ஆகவே ஆகாது. பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதிது என்பது ஸ்டோர்ஸ் வழக்கம். அவர் பழையதைச் சுத்தியலால் ஒரு போடு போட்டு, நசுங்கிய உருண்டையாகக் கொண்டுவந்து என் கவுண்டரில் வைப்பார். “முழுசா குடுங்களேன், எது எதுன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?” என்றால், “முழுசா குடுத்தா அது திரும்ப உயிரோட வரும் ஸ்டோரம்மா” என்பார். திமிர் பிடித்த மனுஷன் என்று நினைத்தேன். திமிர் இருந்தது உண்மைதான்.

புதிய ஸ்விட்ச் எதையும் அவர் உடனே வாங்கிக்கொள்ள மாட்டார். காதோரம் வைத்து அழுத்துவார். ஒரு முறை, இரு முறை அல்ல, நிறைய முறை. கவுண்டரில் நாலு பேர் காத்திருந்தாலும் கவலைப்பட மாட்டார். “போற சத்தம் ஒண்ணு, திரும்பற சத்தம் ஒண்ணு. ரெண்டும் கேக்கணும்” என்பார். பிடிக்கவில்லை என்றால் பேசாமல் என் பக்கம் தள்ளிவிடுவார்.

அந்தச் சத்தத்தின் அருமை தெரிய வேண்டுமானால் கட்டிங் மெஷினைப் பார்த்திருக்க வேண்டும். கீழே தோலை விரித்து, அதன்மேல் ஷூவின் வடிவத்தில் வளைத்த இரும்பு அச்சுக்கத்தியை வைப்பார்கள். மேலிருந்து கனத்த தட்டு ஒன்று இறங்கி ஒரே அழுத்து. தோல் துண்டாகி வந்துவிடும். அந்தத் தட்டு தோலையும் விரலையும் பிரித்துப் பார்க்காது. அதனால்தான் மெஷினுக்கு இரண்டு பொத்தான்கள், வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் தட்டு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது தட்டுக்கடியில் வைக்க மூன்றாவது கை யாருக்கும் இல்லை. ஆனால் ஒரு பொத்தானின் ஸ்விட்ச் உள்ளே போய்த் திரும்பாமல் மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். அப்புறம் மற்றதைத் தொட்டாலே தட்டு இறங்கும். இன்னொரு கை அந்நேரம் அச்சைச் சரிசெய்துகொண்டிருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் மூன்றாம் நம்பர் மெஷினின் இடது ஸ்விட்ச் கெட்டது. ஒரிஜினல் வர மூன்று வாரம் ஆகும் என்றார் ஏஜென்ட். கப்பலேற வேண்டிய ஆர்டர் பாதியில் நின்றது. பர்ச்சேஸ் மேனேஜர் சென்னைக்குப் போய், மறுநாளே ஆறு ஸ்விட்சுகளோடு வந்தார். அதே மஞ்சள் பெட்டி, அதே முத்திரை, ஸ்டிக்கர் ஒட்டி மூடியது. மெக்கானிக் ஒன்றைப் பிரித்துக் காதில் வைத்தார். நெடுநேரம் அழுத்திக்கொண்டே இருந்தார்.

“இது போவுது, திரும்பறது சரியில்ல. மாட்ட மாட்டேன்.”

முதலில் சண்டைக்கு வந்தது மேனேஜர் அல்ல, மூன்றாம் நம்பர் மெஷின்காரர். வெட்டுகிற ஜோடிக்குத்தான் அவருக்குக் கூலி. மெஷின் நின்றால் அவர் வீட்டில் அடுப்பும் நிற்கும். “என் கை பத்தி எனக்கு இல்லாத கவலை உனக்கு இன்னா?” என்று கட்டிங் ஹாலே அதிரக் கத்தினார். மெக்கானிக் கத்தவில்லை. “கை உன்னுதுதான். ஸ்பேனர் என்னுது” என்றார். சொல்லிவிட்டு மெஷினின் ஃப்யூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் கவுண்டருக்குப் பின்னாலிருந்து இதையெல்லாம் வேடிக்கை பார்த்தேன். உள்ளுக்குள் மெஷின்காரர் பக்கம்தான் இருந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மத்தியானம் என்னையும் மெக்கானிக்கையும் மேனேஜர் தன் அறைக்கு அழைத்தார். ஏற்பாடு எளிமையானது. ‘ஒரிஜினல் பாகம், மூடிய பெட்டியில் வந்தது’ என்று நான் வரவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதன்பிறகும் மெக்கானிக் மாட்ட மறுத்தால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்; மாட்டுவதற்கு வேறு ஆள் கிடைப்பான். மெக்கானிக் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. ஆனாலும் அவர் வாயிலிருந்து ஒரு ‘சார், மன்னிச்சிடுங்க’ வரவில்லை.

பாகத்தின் எண்ணைப் பார்த்து எழுதுவதற்காக நான் இன்னொரு பெட்டியின் ஸ்டிக்கரைப் பிரித்தேன். மூடி திறந்தது. உள்மடிப்பில் ‘அ 22’.

என் ‘அ’வை எனக்குத் தெரியாதா? சுழியைக் கொஞ்சம் பெரிதாகப் போடுகிற, அப்பாவிடம் அடி வாங்கியும் திருந்தாத ‘அ’ அது. இந்தப் பெட்டி ஏற்கெனவே என் அலமாரியில் இருந்திருக்கிறது. அதிலிருந்த ஒரிஜினல் செலவாகி, நான் அழகாக மடித்துக் கட்டி, பேப்பர்காரர் பாராட்டி வாங்கிப் போய், யாரோ எங்கோ போலியை உள்ளே வைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, என்னிடமே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வெளியே கிறுக்கியிருந்தால் அந்தப் பெட்டி அவர்களுக்கு உதவியிருக்காது. என் சுத்தம், என் ஒழுங்கு, என் வாத்தியார் வீட்டு வளர்ப்பு எல்லாம் சேர்ந்துதான் ஒருவருடைய கைக்கு உலை வைத்திருந்தது.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். சொன்னால் யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். தங்கை நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், வீடு என் சம்பளத்தில் ஓடியது. ‘ஊரோட ஒத்துப்போ’ என்று அம்மா தினமும் டிபன் டப்பாவோடு சேர்த்துக் கொடுத்தனுப்புவாள். நான் பெட்டியைத் திருப்பி மேனேஜர் முன்னால் வைத்தேன். “சார், இது நம்ம ஸ்டோர்ஸ்லருந்து போன காலிப் பெட்டி. இது என் எழுத்து” என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். புரிந்துகொண்டார், அதில் சந்தேகமே இல்லை. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ரப்பரை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

“பென்சில்தானேம்மா. அழிச்சிடு.”

அவரைச் சென்னையில் ஏமாற்றியவர்கள் யாரோ. ஆனால் ரப்பரை எடுத்தது அவர் கைதான். இன்றுவரை எனக்கு அந்த ரப்பரின் மேல்தான் கோபம். ஒரு மனிதனின் கையை நீ அழித்துவிடு, தூளை நான் ஊதிவிடுகிறேன் என்பதுபோல எவ்வளவு சாதாரணமாக நீட்டினார்! நான் பேனாவைத் திறந்து, பென்சில் எழுத்தின்மேல் அழுத்தி எழுதினேன். ‘அ 22’. அட்டை கிழிந்துவிடும் போல அழுத்தினேன். வரவுப் புத்தகத்தில் ‘போலி, ஏற்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் அப்போதுதான் திரும்பினார்.

நான் அதோடு நிற்கவில்லை. பெட்டியையும் ஸ்விட்சையும் எடுத்துக்கொண்டு நேராகக் கட்டிங் ஹாலுக்குப் போனேன். மூன்றாம் நம்பர் மெஷின்காரர் கையில் ஸ்விட்சைக் கொடுத்து, “நீங்களே அழுத்துங்க. எண்ணிக்கிட்டே அழுத்துங்க” என்றேன். அவர் வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தார். பத்து, இருபது. ஒன்றும் ஆகவில்லை. “நல்லாத்தானே கீது” என்றார். சுற்றி ஆட்கள் கூடி எண்ண ஆரம்பித்தார்கள். முப்பது, நாற்பது. எனக்கு வேர்த்தது. நாம்தான் தப்போ, ஒருவேளை பெட்டி பழசு, பாகம் நல்லதோ என்றுகூட ஓடியது மனம். அறுபத்து மூன்றாவது அழுத்தில் ஸ்விட்ச் உள்ளே போனது. வரவில்லை. கட்டைவிரலை எடுத்த பிறகும் வரவில்லை. ஒரு ஷிப்டில் அவர் ஆயிரம் தடவைக்கு மேல் பொத்தான் அழுத்துகிறவர். ஸ்விட்சை மேசையில் வைத்துவிட்டு, இடது கையை மெதுவாகப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

ஒரிஜினல் வரும்வரை மூன்றாம் நம்பர் மெஷின் நின்றது. மற்ற மெஷின்காரர்கள் தங்கள் மெஷினில் அவருக்கும் முறை விட்டார்கள். கப்பல் போய்விட்டது, அடுத்த கப்பலில் சரக்கு போனது, உலகம் அழிந்துவிடவில்லை. ஹாலே பார்த்துவிட்டதால் மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. என்னை ஸ்டோர்ஸிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள், ஷூவுக்குக் காகிதம் சுற்றுகிற வேலை. சுற்றினேன், தலையைக் குனியாமல் சுற்றினேன். சாவியை ஒப்படைத்த அன்று மெக்கானிக் வந்தார். நன்றி எதுவும் சொல்லவில்லை. “காலிப் பெட்டிய இனிமே கிழிச்சிப் போட சொல்லுங்க ஸ்டோரம்மா. நீங்க கிழிங்க, நான் ஒடைக்கிறேன்” என்றார். பிறகு அவர் குடியாத்தத்திலேயே சொந்தப் பட்டறை வைத்துப் போய்விட்டார். அந்த ஒரு பெட்டியை மட்டும் நான் கிழிக்கவில்லை.

இப்போது என் மகள் வேலூரில் ட்ரோன் ரிப்பேர் செய்கிறாள். கல்யாணப் படம் பிடிக்கிறவர்களுடையது, நெமிலிப் பக்கம் நெல்வயலுக்கு மருந்தடிக்கிறவர்களுடையது என்று தினமும் நாலைந்து வரும். மதியம் நான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோய், அங்கேயே ஒரு மேசையில் உட்கார்ந்துவிடுவேன். என் பெட்டியும் அங்கேதான் இருக்கிறது. சென்ற வாரம் ஒரு போட்டோகிராபர் லோக்கல் பேட்டரி போதும் என்று மல்லுக்கு நின்றார். “மண்டபத்துல அரை மணி நேரம் பறக்கப் போவுது, அதுக்கு எதுக்கு ஒரிஜினல்? ட்ரோன் என்னுது, நான் சொல்றேன்” என்றார். “கீழ உக்காந்திருக்கற தலைங்க உங்களுது இல்லியே அண்ணா. ஸ்க்ரூடிரைவரும் உங்களுது இல்ல” என்றாள் மகள். அவர் வேறு கடைக்குப் போய்விட்டார். போகட்டும்.

அன்று சாயங்காலம் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஓர் இளைஞன் வந்தான். பேட்டரி, மோட்டார், இறக்கை வந்த காலிப் பெட்டிகள் இருந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். “கிழியாததா இருந்தா நல்லதுக்கா.” மகள் கத்தரிக்கோலை எடுத்து, அன்று பிரித்த பெட்டிகளை அவன் முன்னாலேயே குறுக்கும் நெடுக்குமாக வெட்டினாள். அவன் முகம் விழுந்துவிட்டது. பிறகு என் மேசையில் இருந்த பழைய பெட்டியைப் பார்த்தான். “அது நல்லா கீதேம்மா, அதக் குடுங்க” என்றான்.

நான் மூடியைத் திறந்து, உள்மடிப்பை அவன் பக்கம் திருப்பினேன். மேசை இழுப்பறையில் தேடி ஒரு ரப்பரையும் எடுத்து அவன் முன்னால் நகர்த்தினேன்.

“இத அழிச்சிட்டு எடுத்துக்கினு போ தம்பி” என்றேன்.