இருபத்தெட்டுக் கெட்டும் தலையெண்ணும் நாளும்

பேரப்பிள்ளைக்கு அன்று இருபத்தெட்டாம் நாள். அரையில் கறுப்பு நூல் கட்டாமல் பிள்ளையை வாசல் தாண்டிக் கொண்டுபோவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. மருமகளோ விடிந்ததிலிருந்து முகாமுக்குப் போகவேண்டும் என்று நின்றாள். அவளைப் பெற்றவர்கள் சிலோனிலிருந்து வள்ளத்தில் தப்பி வந்தவர்கள். அவள் பிறந்தது நெய்யூர் ஆஸ்பத்திரியில். என் மகனைக் கட்டி இங்கே வந்த பிறகும், ஆபீசர் தலையெண்ணும் நாளில் அகதி முகாமில் போய் நிற்கவேண்டுமாம், இல்லாவிட்டால் பேரை வெட்டிவிடுவார்களாம். ஏன் என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

“கெட்டிக்குடுத்த பெண்ணை இன்னும் எதுக்கு எண்ணுகாவ? நூல் கெட்டிட்டுப் போலாம் மக்கா,” என்றேன்.

“ஆபீசர் போயிருவாரு மாமி.”

“அவரு ஒரு சாயா குடிக்காமலா போவாரு?”

நல்ல நேரம் பார்த்துக் கட்டி முடித்து அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஆபீசர் போய்விட்டிருந்தார்.

மறுநாள் போலீஸ்காரர் வந்தார். அந்த வாரம் கடற்கரையிலிருந்து ஒரு மீன்பிடி போட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் களவாகப் போயிருக்கிறது. எண்ணும்போது இல்லாதவர்கள் எல்லாம் அதில் போயிருப்பார்கள் என்று சந்தேகம். வேற்று ஆண்களிடம் எனக்கு நாக்கு எழும்பாது. கதவுக்குப் பின்னால் நின்றே சொன்னேன்.

“உள்ளதான் இருக்கா. பிள்ளைக்குப் பால் குடுக்கா.”

“ஒளிச்சு வச்சிட்டுக் கதை சொல்லுகியளா பாட்டி?”

மருமகள் பிள்ளையோடு வெளியே வந்தாள். “களவாப் போறவ நூல்கெட்டு வச்சு ஊருக்குப் பாயசமா குடுப்பா?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் முகாம் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்.

அங்கே ஆபீசர், இந்த ஒரு தடவை மருமகள் பேரை வெட்டவில்லை என்றார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். “இவனையும் முகாம்ல சேத்திரலாமா?”

“அவன் அப்பன் இங்க ஓட்டுப் போடுகவன்,” என்றேன். எனக்கே கேட்கவில்லை. மருமகள் அதையே சத்தமாகத் திருப்பிச் சொன்னாள்.

“பிள்ளையோட அம்மா, அனுமதி இல்லாம இந்தியாவுக்கு வந்தவங்க கணக்குல வாறா,” என்றார் ஆபீசர். “அதனால பிள்ளையும் இந்தியன் ஆகாது.”

“நான் எங்கேருந்தும் வரல்லியே சார்,” என்றாள் மருமகள்.

“சட்டம் அப்படி.”

“அப்போ அவன் சிலோன்காரனா?” என்று நான் கேட்டேன்.

“அங்கயும் பேரு பதியல்லியே பாட்டி.”

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மருமகள் சொன்னாள். “சேத்தா ஒரு இடத்துலயாவது பேரு இருக்கும் மாமி.”

“சேத்தா அவனையும் எண்ணுவாவளே.”

மகனைக் கேட்டால், “நீயே சொல்லும்மா” என்கிறான். நாலாம் கிளாஸ் படித்த நான் என்ன சொல்ல? நாள் ஓடிவிட்டது, நாளை மறுபடியும் எண்ணுகிற நாள். பிள்ளை தடித்துவிட்டான், நூல் அரையில் பதிகிறது. அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினேன். நாளைக்கு அவனை முகாமில் சேர்க்க அவளோடு கொடுத்துவிடுவதா, வீட்டில் வைத்துக்கொள்வதா என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.