தெருவில் முகம் கொடுக்காத டாக்டரம்மா

விருத்தாசலத்தில் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு நடந்தால், உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். யாருடைய உடம்புக்கு என்பதில்தான் கருத்து வேறுபாடு. செராமிக் தொழிற்பேட்டை பக்கம் டீக்கடையில் தினமும் யாராவது கேட்பார்கள்: "சுகரு உங்களுக்கா சார், நாய்க்கா? யாரு யார நடக்க வெக்கிறீங்க?" லீட்ஸ் நகரில் இதே நாயோடு இதே வேகத்தில் பல ஆண்டுகள் நடந்திருக்கிறேன். அங்கே எதிரில் வருபவர்களுக்கு நாயின் பெயர் தெரியும். என் பெயரை ஒருவரும் கேட்டதில்லை. இங்கே என் ரத்த அழுத்தம், நான் விட்ட மாத்திரை, காலையில் என் வீட்டில் என்ன சட்னி, எல்லாமே தெரியும். நாயின் பெயர் பார்லி என்பதை மட்டும் நம்ப மறுக்கிறார்கள். "அது கஞ்சிங்களே சார்" என்று கடைக்காரர் என்னைத் திருத்தினார்.

நான் திருச்சியில் வளர்ந்து, லீட்ஸில் ஒரு மருத்துவமனை நிர்வாகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவன். நோயாளி விழுந்தால் யார் யாருக்குத் தெரிவிப்பது, தெரிவிக்காவிட்டால் யார் யாரை விசாரிப்பது என்று விதிமுறை எழுதுவது என் உத்தியோகம். விருத்தாசலம் என் மறைந்த மனைவியின் ஊர். அவள் பெயரில் ஒரு வீடு இருந்தது, வந்துவிட்டேன். ஊருக்குத் திரும்பிவிட்டீர்களே என்று லீட்ஸ் நண்பர்கள் வாழ்த்தினார்கள். எந்த ஊருக்கு? இங்கே நான் மாப்பிள்ளை. அதாவது நிரந்தர விருந்தாளி. பார்லியின் நிலை என்னைவிடத் தேவலை. தோலுக்கடியில் அடையாளச் சில்லு, வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று, ஆட்சேபணையின்மைச் சான்று என்று என்னைவிட ஒழுங்கான ஆவணங்களோடு அது இந்தியாவுக்குள் நுழைந்தது. எல்லாவற்றையும் நானே வாங்கினேன். சிலருக்குக் கச்சேரி கேட்பதில் சுகம், எனக்குச் சான்றிதழ் சேர்ப்பதில்.

என் மகள் யாழினி லீட்ஸில் பிறந்தவள். மனநல சிகிச்சையாளர் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தாள். இந்த ஊர் அவளை டாக்டரம்மா என்றாலும், மருந்து எழுதுகிற வகை அல்ல. பேச வைத்துக் கேட்கிற வகை. அப்பா எப்படி இருக்கிறார் என்று பார்க்க வந்தவள், முன்னறையில் இரண்டு நாற்காலி போட்டு இங்கேயே தொழிலைத் தொடங்கினாள். லீட்ஸில் ஒரு வேலையும் அவளுக்காகக் காத்திருந்தது. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஆட்கள் வரத்தான் செய்தார்கள். முதலில் வந்தவர் வளர்மதி. அவருடைய உண்மைப் பெயர் அதுவல்ல. பீங்கானில் ஃப்யூஸ் கேரியரும் அகல் விளக்கும் செய்யும் ஒரு பட்டறையில் வேலை. முதல் முறை மாமியாரோடு வந்தார், மாமியாரே பேசினார். இரண்டாம் முறை தனியாக வந்தார். மூன்றாம் முறை அவர் உள்ளே இருந்த நேரம் முழுக்கக் கதவு மூடியே இருந்தது. வெளியே வந்தவரின் முகம் கழுவி வைத்த பாத்திரம்போல இருந்தது. உள்ளே என்ன பேசினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பது விதி.

பிறகு அவர் வரவில்லை. அவரைப் பார்த்து வந்தவர்களும் நின்றுபோனார்கள். இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் பார்லி படுத்துக்கொண்டது. "எனக்கு இந்த வேல வரலியோப்பா?" என்று யாழினி ஒருநாள் கேட்டாள். பார்லியின் காதில் மருந்து விட்டுக்கொண்டே கேட்டதால் முதலில் அந்த வேலையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். பார்லிக்குக் காதில் சீழ், அரிப்பு, நடக்கும்போது தலை ஒருபக்கம் சாய்ந்தது. எனக்கும் சில வாரங்களாக எழுந்து நின்றால் தலை சுற்றியது. அதை நான் சொல்லவில்லை. சொன்னால் எனக்காகவே தங்கிவிடுவாள். தோற்றுப்போய்த் திரும்பினாலும் சரி, வென்று தங்கினாலும் சரி, என் தலைச்சுற்றல் காரணமாக இருக்கக்கூடாது. ஆகவே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். லீட்ஸுக்குச் சரி என்று எழுதிவிடப்போகிறேன் என்றாள். நன்றாக யோசித்து எழுது என்றேன். அதைவிடப் பயனற்ற வாக்கியம் ஒரு தகப்பனுக்குக் கிடைக்காது.

பார்லியின் காது கேட்காமல், அதாவது மருந்தின் சொல்பேச்சுக் கேட்காமல், இன்னும் வீங்கியது. கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். லீட்ஸில் விலங்கு மருத்துவரிடம் முன்பதிவு, காத்திருப்பறை, நாய்களுக்கு ஒரு பக்கம், பூனைகளுக்கு மறுபக்கம், நடுவில் மௌனம். இங்கே ஒரே வேப்பமரம். அதன் அடியில் ஒரு சினைப்பசு, நல்லூரிலிருந்து வந்த ஆடுகள், கோழிக்கூடையோடு ஒருவர், நாங்கள். வரிசையில் எங்களுக்கு முன்னால் வயிறு உப்பிய வெள்ளாட்டோடு வளர்மதி நின்றிருந்தார். யாழினியைப் பார்த்ததும் அவர் முகம் மலரப் போனது. யாழினி சட்டென்று பார்லியின் பக்கம் குனிந்துகொண்டாள்.

வளர்மதி ஆட்டின் கயிற்றைச் சுண்டினார். "இப்டி தள்ளி நில்லுடி. அவங்கல்லாம் பெரிய எடம். உள்ள கூப்ட்டு குடல உருவுற மாதிரி எல்லாத்தையும் கேப்பாங்க. வெளிய பாத்தா நீ ஆருன்னே தெரியாது அவங்களுக்கு. ஒன் நாத்தம் ஒட்டிக்கும்னு பயமாயிருக்கும்!" கோழிக்கூடைக்காரர் சிரித்தார். ஆடு ஒன்றும் சொல்லவில்லை.

"அந்த ஆடு என்னப்பா பண்ணுச்சு? ஏன் அத இப்டித் திட்டறாங்க?" என்று யாழினி மெதுவாகக் கேட்டாள்.

"ஆட்ட இல்லம்மா. உன்ன."

ஜாடையாகப் பேசுவது என்று ஒன்று உண்டு என்பதை அவள் படிப்பில் சொல்லித் தரவில்லை. நேராகச் சொன்னால் சண்டை. ஆட்டிடம் சொன்னால் மனத்தாங்கல். மனத்தாங்கலுக்குப் பதில் சொல்லலாம், அதற்குத்தான் ஆடு. அவள் முகம் வெளுத்தது. சிகிச்சைக்கு வருபவரை வெளியிடத்தில் கண்டால், அவராகப் பேசாதவரை நாம் முந்திக்கொள்ளக் கூடாது என்பது லீட்ஸில் அவள் கற்ற விதி. நான் படித்து மெச்சிய விதியும்கூட. பஸ் ஸ்டாண்டில், காய்கறிக் கடையில், கோயில் வாசலில் என்று ஊர் முழுவதும் அவள் அந்த விதியைத் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறாள்.

யாழினி நேராக வளர்மதியிடம் போனாள். "அக்கா, நீங்க என்கிட்ட வந்தது யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான் நான் பேசல. உங்களுக்காகத்தான்."

"தெரியாமதான் இருக்குதா? ஒங்க வூட்டுக்குள்ள போனத தெருவே பாத்துச்சு. மாமியாரு போயி அஞ்சு பேருகிட்ட சொல்லிட்டாங்க." வளர்மதியின் குரல் உடைந்தது. "நான் உள்ள சொன்னது யாருக்கும் தெரியாது. அது போதும் எனக்கு. ஆனா அத கேட்டப்பறம் நீ மூஞ்ச திருப்பிக்கினு போற. அவ்ளோ அசிங்கமாவா இருந்துச்சு பாப்பா? சாப்ட்டியான்னு ஒரு வார்த்த கேட்டா என்ன கொறஞ்சி பூடும்?"

பயிற்சியில் கற்ற வாக்கியங்கள் எதையும் யாழினி எடுக்கவில்லை. "சாப்ட்டீங்களா அக்கா?" என்றாள், அந்த லீட்ஸ் நாக்கோடு.

"இன்னும் இல்ல. இந்த மூதேவி ராத்திரி வெச்சிருந்த அரிசியத் தின்னுட்டு ஊதிப்போயி நிக்கிது, நான் எங்க சாப்புடறது." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நாய உடு. ஒங்க அப்பாவுக்குத்தான் பாக்கணும். வந்ததுலேர்ந்து மரத்தப் புடிச்சிக்கினே நிக்கிறாரு, பாரு."

சில வாரங்களாக ஒரு சிகிச்சையாளரிடமிருந்து வெற்றிகரமாக மறைத்ததை வேப்பமரத்தடியில் ஒரு பார்வையில் இழந்தேன். காதுக்கு மருந்து வாங்கிய கையோடு யாழினி என்னை மனித மருத்துவரிடம் இழுத்துப்போனாள். அங்கே அந்தரங்கம் என்ற பேச்சே கிடையாது. அறைக்குள் காத்திருந்த இன்னும் மூவர் என் ரத்த அழுத்த அளவைக் கேட்டுத் தலையசைத்தார்கள். மாத்திரையின் அளவு அதிகமாம், குறைத்தார் மருத்துவர். "நான் அப்பவே நெனச்சேன்" என்றார் மூவரில் ஒருவர். லீட்ஸில் இதற்கு நான் எத்தனை பக்கத்துக்குப் புகார்க் கடிதம் எழுதியிருப்பேன்! இங்கே அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

லீட்ஸ் வேலை வேண்டாம் என்று யாழினி எழுதிவிட்டாள். தலைச்சுற்றல் காரணமா என்று கேட்டேன். "நீங்க காரணம்னா நாய அழைச்சிக்கிட்டு உங்களையும் அங்கயே கூட்டிப் போயிருப்பேன்" என்றாள். வளர்மதி மறுபடி வருகிறார்; அவர் உள்ளே இருக்கையில் கதவு மூடியே இருக்கிறது. இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டபோது, "எழுதிக்குங்க சார், ஆட்டப் பத்தி நல்லா எழுதுங்க" என்றார். ஆடு பிழைத்துவிட்டது. யாழினியின் சந்தேகம் தீர்ந்ததா என்றால், இல்லை. ஒரு விதியைத் தளர்த்தினால் அடுத்தது எது என்று கவலைப்படுகிறாள். விதி எழுதிச் சம்பளம் வாங்கிய நானும் அவளோடு சேர்ந்து கவலைப்படுகிறேன்.

மாதம் ஒருமுறை லீட்ஸிலிருந்து அவளுடைய சிகிச்சைப் பணியைக் கலந்து பேசும் மேற்பார்வையாளர் கணினித் திரையில் வருவார். போன முறை அவர் வணக்கம் சொன்ன வேளையில் நான் அதே அறையில் பார்லியின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே தெருவில் வளர்மதி பட்டறைக்குப் போகிற போக்கில் குரல் கொடுத்தார்: "பாப்பா, சாப்ட்டாச்சா?" யாழினி திரையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. இடது கையை மட்டும் ஜன்னல் பக்கம் தூக்கி, விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய் விரித்துக் காட்டினாள். மேற்பார்வையாளருக்குக் கவலையாகிவிட்டது. பசிக்கிறதா, பிறகு பேசலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, சாப்பிட்டுவிட்டேன் என்று அவள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கை இன்னும் ஜன்னல் பக்கமே அசைந்துகொண்டிருந்தது.