டாங்கி மேல் மணல்

என் அப்பா ராணுவத்தில் டாங்கி ஓட்டினார். வருடத்துக்கு ஒரு முறை விடுப்பில் வருவார். எங்கள் வீடு ஜமுனாமரத்தூருக்கு அப்பால் சாமைக் கொல்லைகளுக்கு நடுவே தனியாக நின்றது. கூப்பிடு தூரத்தில் வேறு வீடு இல்லை. அம்மா கொல்லைக்குப் போய்விட்டால் நானும் கோழிகளும்தான். அப்பா வந்திருக்கும் நாட்களில் இதில் பெரிய மாறுதல் இருந்ததாகச் சொல்ல முடியாது. அவர் அதிகம் பேசமாட்டார்.

எனக்கு எட்டு வயதானபோது, கல்யாண முருங்கைக் கட்டையில் சாண் நீளத்துக்கு ஒரு டாங்கி செதுக்கிக் கொடுத்தார். நான் மேற்புறத்தைத் தடவிப் பார்த்தேன்.

"நெசமான டாங்கி இப்டி வழவழன்னு இருக்காது கண்ணு. மேல மணலு கலந்து பெயின்ட் அடிச்சிருப்பாங்க. இல்லாங்காட்டி மழையில பூட்ஸு வழுக்கும், ஆளு கீழதான்" என்றார்.

அதுவரை அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அடுத்த விடுப்புக்குள் அந்தச் சொரசொரப்பை நான் கொண்டுவந்துவிட்டால் அவர் இன்னும் பேசுவார் என்று முடிவு செய்துகொண்டேன்.

புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசை வீட்டில் இருந்தது. முதலில் அதைத் தடவிச் சாமை நொய்யைத் தூவினேன். பார்வைக்குப் பிரமாதம். காயவைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கோழிகள் டாங்கியைத் தாக்கி வென்றுவிட்டன. இரண்டாவது உப்பு. மலைப் பனியில் அது ஒரே வாரத்தில் கசிந்து போயிற்று. மூன்றாவது ஓடை மணல். ஆனால் தீக்குச்சியில் ஒரு ஆள் செய்து மேலே நிறுத்தியபோது, ஒவ்வொரு மணல் பருக்கையும் அவன் கணுக்கால் உயரம் இருந்தது. டாங்கி சிறுத்தால் மணலும் சிறுக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மாவின் பழைய வாயில் புடவையை நாலாக மடித்து, தூசி போல விழும்வரை மணலைச் சலித்தேன். ஒட்டிக் காய்ந்ததும், பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்குப் பூசுவது போலக் கோவை இலையையும் கரியையும் அரைத்துப் பூசினேன். ஓட்டுநர் உள்ளே இறங்கும் துளையின் மூடிக்கு ஒரு சட்டைப் பொத்தான். எல்லாம் முடிய பத்து மாதம் ஆயிற்று.

அப்பா வந்தார். டாங்கியைக் கையில் வாங்கி, கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். பிறகு பேனாக்கத்தியை எடுத்தார்.

"இங்க இவ்ளோ சொரசொரப்பு இருக்காது கண்ணு. தெனம் நான் காலு வெச்சி ஏறி எறங்குற எடம். தேஞ்சி பூட்டிருக்கும்."

பொத்தானுக்குப் பக்கத்தில் இரண்டு இடங்களில் மணலைச் சுரண்டி எடுத்தார்.

"இன்னாங்க நீங்க! வருசம் பூரா அத்தயே கட்டிக்கினு கெடந்துச்சி. அத்தப் போயி சொரண்டுறீங்களே" என்றாள் அம்மா.

"கெடுக்கலடி. பாரு, இப்பதான் சரியா கீது."

அவர் முகம் மலர்ந்திருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது. டாங்கியைப் பிடுங்கி உறிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அதன் பிறகு இருபத்தாறு நாட்கள் அவர் இருந்தார். இரண்டு முறை, "எங்க கண்ணு உன் டாங்கி?" என்று கேட்டார். நான் கோழிகளை விரட்டப் போய்விட்டேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை.

பல வருடங்கள் கழித்து, டிப்ளமா முடித்து நான் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையில், ஒரு இயந்திரத்தின் முன்னால் கிடந்த வரிவரியான இரும்புத் தகடு இரண்டு பாத அகலத்துக்கு மட்டும் தேய்ந்து பளபளத்தது. அங்கே தினமும் நிற்பவர் அன்று விடுப்பு. ஆனால் அவர் எங்கே நிற்பார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தேய்ந்த இடம் ஆளைக் காட்டும் என்பது எட்டொன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. அப்பாவை ஏற்றிக்கொண்டு பஸ் மலையிறங்கிய அன்று மத்தியானமே பசை காய்ச்சினேன். அவர் சுரண்டிய இரண்டு இடங்களிலும் மணல் தூவி, கரி பூசி, ஒட்டு தெரியாதபடி மூடினேன். எங்கே சுரண்டினார் என்று நானே தேடிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தேன்.