கொக்கியில் சுற்றியிருந்த கம்பி

போன வாரம் என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவளுடைய வலது கையைப் பற்றிக் கேட்டார்கள். அவள் ஒரு பதில் சொன்னாள். அந்தப் பதிலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், எழுபதுகளின் கடைசியில், ஒரு பழைய ஜீப் வாங்கினேன். தோட்டத்துக்குப் போகும் பாதை மழை பெய்தால் வெறும் களிமண். அதனால் நான்கு சக்கரத்துக்கும் பெரிய டயர் போட்டேன். ஸ்டெப்னி மட்டும் பழைய சின்னதாகவே பக்கவாட்டில் தொங்கியது. டி. கல்லுப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் பின்சக்கரம் பஞ்சராகிவிட்டது. சின்ன டயரை மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்த வண்டியோடு மண்டப வாசலில் போய் நின்றேன். என் மனைவியின் அண்ணன் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சத்தமாகக் கேட்டார்.

“என்ன மாப்ள, யானைக்கு ஆட்டுக்கால வச்சுக் கூட்டியாந்திருக்கீக?”

பந்திக்கு நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். நான் புறப்படும்வரை யாராவது வந்து ஆட்டுக்கால் சௌக்கியமா என்று விசாரித்தபடி இருந்தார்கள்.

அடுத்த மாதம் கீழக்குயில்குடிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு. மச்சானும் வருவார். முந்தின நாள், மற்ற நான்கின் அளவிலேயே ஐந்தாவது டயரை வாங்கிக்கொண்டு செல்லூரில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பக்கவாட்டில் அது அடங்கவில்லை. பின்கதவில்தான் மாட்ட வேண்டும். அந்தக் கதவுக்குக் கீழே இரண்டு கீல், மேலே இரு பக்கமும் சங்கிலியில் கொக்கி. கொக்கிகளைக் கழற்றினால் கதவு வெளிப்பக்கமாகக் கீழே இறங்கும். பட்டறைக்காரர் அதை விரலால் தட்டிப் பார்த்தார்.

“இது வெறும் தகரம்ணே. இம்புட்டுக் கனத்தத் தாங்காது. அடிச்சட்டத்துல இருந்து தனியா இரும்பு எடுத்து மாட்டணும். ரெண்டு நாள் வண்டிய விடுங்க.”

“நாளைக்குக் காலைல கோயிலுக்குப் போகணும்.”

“அப்ப டயர உள்ள போட்டுக்கிட்டுப் போங்க. அது என்ன கோவிச்சுக்கவா போகுது?”

உள்ளே கிடந்தால் யார் கண்ணில் படும்? பிடிவாதமாக நின்றேன். அவர் முனகிக்கொண்டே கதவில் துளை போட்டு, போல்ட் முடுக்கி டயரை மாட்டினார். பிறகு கட்டுக்கம்பியை எடுத்து இரண்டு கொக்கிகளிலும் இறுக்கிச் சுற்றினார்.

“திங்கக்கிழம இங்க கொண்டாற வரைக்கும் இந்தக் கம்பிய அவுக்கக் கூடாது. கதவ எறக்குனீங்கன்னா கீல் பிச்சுக்கிட்டு வந்துரும். வீட்ல எல்லார்ட்டயும் சொல்லிருங்கண்ணே.”

மறுநாள் காலை வண்டியை எட்டி நின்று பார்த்தேன். டயர் கம்பீரமாக இருந்தது. கம்பிதான் உறுத்தியது. ‘கதவ ஏன் மாப்ள கட்டிப் போட்டிருக்கீக?’ என்று மச்சான் கேட்பது காதில் விழுந்தது. கட்டிங் பிளேயரை எடுத்து இரண்டையும் வெட்டிப் போட்டேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் யாராவது அவரிடம் உளறிவிடுவார்கள். கதவைத் திறக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன். கிடாயைக் கதவுக்கு மேலாக நானே தூக்கி உள்ளே விட்டேன்.

மகளுக்கு அப்போது பதினொரு வயது. வண்டி எங்கே நின்றாலும் முதலில் குதித்து, பின்கதவின் கொக்கிகளைக் கழற்றுவது அவள் வேலை. நான் கொடுத்த வேலை.

கோயிலில் மச்சான் டயரைத் தட்டிப் பார்த்தார்.

“பரவால்ல மாப்ள! யானைக்கு யானைக்காலே வச்சுட்டீக. எங்க போட்டீக?”

செல்லூரில் என்றேன். அவர் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே வண்டியின் முன்பக்கம் கூட்டிப்போய் மற்ற டயர்களையும் காட்டினேன். “ஆட்ட எறக்குங்கப்பா, நேரமாகுது” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். எனக்கு அது கேட்டது. இதோ போய்த் தூக்கிவிடலாம் என்று நினைத்தபடி இன்னும் கொஞ்சம் பேசினேன்.

இரும்பு விழுகிற சத்தம். ஓடினேன். கதவு கீலோடு பிய்ந்து, டயரோடு பம்பர்மேல் சரிந்து கிடந்தது. மகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவள் கன்னத்தில் அறைந்தேன்.

“யாருடி ஒன்னயத் தொறக்கச் சொன்னது?”

அவள் அழவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. அப்புறம்தான் பார்த்தேன். எப்போதும்போல, இறங்குகிற கதவை உள்ளங்கையால் தாங்கியிருக்கிறாள். அந்தக் கை டயருக்கும் பம்பருக்கும் நடுவில் இருந்தது.

மச்சானும் வேறு இரண்டு பேரும் டயரைத் தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். பின்னால் மனைவியின் மடியில் மகள். கையில் சுற்றிய துண்டு நனைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மச்சான் இருந்தார். அவர் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே சொன்னேன்.

“தொடாதன்னு அம்புட்டுச் சொன்னேனே, கேட்டியா?”

ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. “மறந்துட்டேம்ப்பா.”

மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. பார்க்க வந்த உறவினர்களிடமும், பள்ளிக்கூட டீச்சரிடமும் நான் அதையே சொன்னேன். அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டு வாசலில் கிடந்த இரண்டு கம்பித் துண்டுகளை என் மனைவி பொறுக்கி எடுத்துப் போட்டாள். கோயிலுக்குப் போவதற்கு முந்தின நாள் மாலை அவற்றைக் கொக்கியில் பார்த்தவள்தான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

போன வாரம், மாப்பிள்ளையின் தாயார்தான் கேட்டார். “கையி என்னம்மா ஆச்சு?”

மகள் காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“சின்னப் புள்ளைல என்னோட அவசரந்தான் அத்தை. அப்பா என்னய வண்டிக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போயி, கொக்கியத் தொட்டுக் காட்டி, இத அவுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. எனக்கு நல்லா ஞாபகமிருக்கு. நாந்தான் கேக்கல.”

“புள்ளைக எங்க கேக்குதுக” என்று அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மகள் என் முகத்தையே பார்த்தாள்.

“ஆமாங்க” என்றேன். “எம்புட்டோ சொன்னேன்.”